முத்தையன்கட்டுக் குளத்தோரக் காட்டில் சேரும் குப்பையை அகற்ற ஒழுங்கு செய்து தருமாறு கோரும் மனு

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
முல்லைத்தீவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

முத்தையன்கட்டுக் குளத்தை நம்பி வயல் செய்கிறவர்களும், மாடு வளர்க்கிறவர்களும், இப்பகுதி இளைஞர்களும் சேர்ந்து இந்த மனுவைத் தருகிறோம்.

லீவு நாட்களில் குளத்தில் குளிக்கவும், காட்டோரம் சமைத்துச் சாப்பிடவும் வெளியிடங்களில் இருந்து வான்களில் ஆட்கள் வருகிறார்கள். வரட்டும், அதில் எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனால் அவர்கள் போன பிறகு குளக்கட்டிலும் பாலை மரங்களின் கீழும் சோடாப் போத்தல், சோற்றுப் பார்சல் சுற்றிய தாள், யோகட் கப், உடைந்த சாராயப் போத்தல் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. வெறுங்காலோடு வயலுக்குப் போகிறவர்களின் கால்களைப் போத்தல் ஓடு கிழிக்கிறது. கறி பட்ட பொலித்தீனை மாடுகள் உப்புச் சுவைக்காகத் தின்கின்றன. அது இரைப்பையில் சுருண்டு அடைத்தால், அந்த மாடு தீன் எடுக்காமல் மெலிந்து சாகும். மிச்சத்தைக் குரங்குகள் காட்டுக்குள் இழுத்துப் போகின்றன. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்ரிக் தின்று யானைகள் செத்ததை நாடே அறியும். எங்கள் காட்டிலும் யானை நடமாடுகிறது. மாரி தொடங்கினால் கரையில் கிடக்கும் குப்பை வாய்க்காலில் சிக்கும். குளம் நிரம்பி வான் பாயும் காலத்தில் அது பேராற்றோடு நந்திக்கடல் வரைக்கும் போகும்.

இந்தக் குப்பையை நாங்களே பொறுக்குகிறோம். மற்றவர்கள் போட்டதை எடுக்க எங்களுக்கு வெட்கமும் இல்லை, சலிப்பும் இல்லை. கட்டி வைத்த உரப்பைகளை யார் ஏற்றுவது என்பதில்தான் எல்லாம் நின்றுபோகிறது. குளக்கட்டு ஒரு திணைக்களத்துக்கு உரியது, காடு இன்னொன்றுக்கு, வீதி வேறொன்றுக்கு. போய்க் கேட்ட இடமெல்லாம் "அது எங்கள் எல்லைக்குள் இல்லை" என்றுதான் சொன்னார்கள். சரி, எரித்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. குப்பைக்குத் தீ வைத்தபோது மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள் வெடித்த சம்பவங்கள் வன்னியில் நடந்திருக்கின்றன. போர் முடிந்தது 2009 இல். ஆனாலும் பற்றைக்குள் கையை விட்டு ஒரு ரின்னை இழுக்க இன்றைக்கும் பயமாக இருக்கிறது. பிள்ளைகளைச் சிரமதானத்துக்குக் கூட்டிப் போகவும் மனம் வருவதில்லை.

ஆகவே தங்களிடம் முதலில் கேட்பது இதுதான்: சம்பந்தப்பட்ட திணைக்களங்களையும் பிரதேச சபையையும் ஒரே மேசையில் இருத்தி, இந்தக் குளத்தோரக் குப்பைக்கு இன்னார்தான் பொறுப்பு என்று எழுத்தில் முடிவு செய்து தாருங்கள். மாதம் இரண்டு தடவையாவது ஓர் உழவு இயந்திரம் வந்து, நாங்கள் கட்டி வைப்பதை ஏற்றிச் செல்ல வேண்டும். காட்டோரத்தில் நாங்கள் எந்த இடம் வரை இறங்கலாம் என்பதை மிதிவெடி அகற்றும் பிரிவினர் அடையாளமிட்டுக் காட்ட வேண்டும். ஒதுக்கக் காட்டுக்குள் துப்புரவு செய்ய எழுத்து மூல அனுமதியும் தேவை. அது இல்லாமல் காட்டுக்குள் நின்றால் எங்கள் பையன்கள்தான் குற்றவாளிகள் ஆவார்கள். தடித்த கையுறையும் உரப்பையும் தந்தால் போதும், கூலி வேண்டாம்.

அப்புறம், போடுகிறவர்களையும் தடுக்க வேண்டும். சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்சீற்றுக்கு 2017 இலேயே தடை வந்தது. பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய்க்கு 2023 ஒக்டோபரில் வந்தது. அப்படியிருந்தும் இவை எங்கள் குளக்கட்டில் கிடக்கின்றன. கடைகளில் சோதனை நடக்க வேண்டும். லீவு நாட்களில் குளத்துக்கு வரும் பாதையில் ஓர் உத்தியோகத்தர் நின்று, உள்ளே கொண்டுபோகும் போத்தல்களை எண்ணி, திரும்பும்போது கேட்டு வாங்கினால் பாதிக் குப்பை குறையும் என்று நம்புகிறோம். எச்சரிக்கைப் பலகை வைத்தால் தமிழிலும் சிங்களத்திலும் வையுங்கள். வருகிறவர்கள் இரண்டு மொழிக்காரர்களும்தான்.

மாரி மழைக்கு முன்னர் இதற்கான முதல் கூட்டத்தை நடத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் சார்பில் பேசக்கூடியவர்களின் பெயர்களைக் கிராம அலுவலர் ஊடாக அனுப்பி வைப்போம்.

இங்ஙனம்,
முத்தையன்கட்டுப் பகுதிக் கமக்காரர்கள், கால்நடை வளர்ப்போர், இளைஞர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)