ஓர் அஞ்சலகமும் கூட்டணிக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூட்டணி ஆட்சிகள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1948இல் அயர்லாந்தில் அமைந்த அரசை 'பல கட்சிகள் சேர்ந்ததால் நிலைக்கவில்லை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. அந்தப் பதின்மூன்றாவது டாயில் அவையின் (அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவை) உறுப்பினர் பட்டியல் அப்படிச் சொல்லவில்லை.

மொத்தம் 147 இடங்கள். பதினாறு ஆண்டுகளாக ஆண்ட டி வலேராவின் ஃபியன்னா ஃபால் கட்சிக்கு 68. எதிரே ஃபைன் கேல் 31, தொழிற்கட்சி 14, கிளான் நா பாப்லாக்டா 10, உழவர் கட்சி 7, தொழிற்கட்சியிலிருந்து பிரிந்த தேசியத் தொழிற்கட்சி 5, சுயேச்சைகள் 12. ஃபைன் கேல் தலைவர் ரிச்சர்ட் மல்காஹி உள்நாட்டுப் போரில் அரசுப் படையை நடத்தியவர்; அந்தப் போரில் எதிரணியில் நின்றவர்கள் பலர் இருந்த கிளான் நா பாப்லாக்டா, அவர் பிரதமரானால் கூட்டணிக்கு வராது. அவர் விலகி, ஜான் காஸ்டெல்லோவுக்கு வழிவிட்டுக் கல்வி அமைச்சராக அமர்ந்தார். கட்சித் தலைவர் ஒருவர் இப்படிச் செய்வது எந்த நாட்டிலும் அடிக்கடி நடப்பதல்ல.

ஃபியன்னா ஃபால் தவிர்த்த ஐந்து கட்சிகளும் சுயேச்சைகள் சிலரும் என, ஆட்சியமைத்த ஆறு தரப்பும் மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. 1949 ஏப்ரல் 18இல் அயர்லாந்து குடியரசானதும் இவர்கள் காலத்தில்தான். பிறகு எங்கே பிசகியது? 1950இல் விக்லோ மாவட்டத்தின் பால்டிங்கிளாஸில், ஒரு குடும்பம் தலைமுறைகளாக நடத்திவந்த சிறிய அஞ்சலகத்தை, தேசியத் தொழிற்கட்சி சார்பில் அஞ்சல் துறை அமைச்சரான ஜேம்ஸ் எவரெட் தம் ஆதரவாளர் ஒருவருக்குக் கொடுத்தார். ஊரே திரண்டது. தொலைபேசிக் கம்பி மாற்ற வந்த ஊழியர்களுக்குப் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. கடைசியில் புதியவரே விலகிக்கொண்டார். ஆனால் அந்த மாவட்ட உறுப்பினர் பாட்ரிக் கோகன் அரசுக்கு அளித்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டார். ஓர் அஞ்சலகத்துக்கு இத்தனை பாடு!

அடுத்த ஆண்டு, தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச மருத்துவம் தரும் திட்டத்தைச் சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன் கொண்டுவந்தார். கத்தோலிக்க ஆயர்களும் மருத்துவர்களும் எதிர்த்தனர், அமைச்சரவை கைவிட்டது. பிரவுனைப் பதவி விலகச் சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர், கூட்டணியின் வேறொரு கட்சிக்காரரும் அல்லர்; அவருடைய சொந்தக் கட்சியான கிளான் நா பாப்லாக்டாவின் தலைவர் ஷான் மக்பிரைட். அந்தக் கட்சிக்கு 1951 தேர்தலில் மிஞ்சியவை 2 இடங்கள். வெடிப்பு கட்சிகளுக்கு இடையில் அல்ல, ஒரு கட்சிக்கு உள்ளேதான் என்பது என் வாதம்.

அந்தத் தேர்தலில் 69 இடங்களுடன் வந்த டி வலேராவுக்கும் பெரும்பான்மை இல்லை. அவர் பிரதமராக வாக்களித்த சுயேச்சைகளில் பிரவுனும் இருந்தார், கோகனும் இருந்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
காரைக்குடி.