கடன்பட்ட நாடுகள் காத்திருக்கும் காலம் பற்றி: ஒன்றிய நிதியமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும் இராயபுரத்திலிருந்து வணக்கம்.

2022 மே மாதம் எங்கள் துறைமுகத்திலிருந்து அரிசி, பால் பவுடர், மருந்துகளுடன் ஒரு கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக அந்நாடு அறிவித்தது அதற்கு முந்தைய மாதம் 12ஆம் தேதி. நிவாரணம் சில வாரங்களில் கிளம்பிவிட்டது. கடனுக்கான தீர்வுதான் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இந்தியா, ஜப்பான், பிரான்சு ஆகிய நாடுகள் இணைத்தலைமை வகித்த, கடன் கொடுத்த அரசுகளின் குழுவுடன் உடன்பாடு எட்டப்பட்டது 2024 ஜூனில். தனியார் வைத்திருந்த பன்னாட்டுக் கடன் பத்திரங்கள் புதிய பத்திரங்களாக மாற்றப்பட்டது அதே ஆண்டு டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் மின்கட்டணம் ஏறியதையும் மதிப்புக் கூட்டு வரி 18 விழுக்காடானதையும் தாங்கியவர்கள் அந்நாட்டுச் சாதாரண மக்கள்.

இந்தத் தாமதம் இலங்கைக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2020 நவம்பரில் தவணை தவறிய ஜாம்பியா, கடன் மறுசீரமைப்புக்காக, அதாவது கடன் தொகையையும் தவணைகளையும் திருத்தியமைப்பதற்காக, ஜி20 நாடுகள் வகுத்த பொதுக் கட்டமைப்பை நம்பி விண்ணப்பித்தும், பத்திரதாரர்களுடன் கணக்கை முடிக்க 2024 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒருமுறை பத்திரதாரர்களோடு கொள்கையளவில் ஏற்பட்ட உடன்பாட்டை, தாங்கள் விட்டுக்கொடுத்த அளவுக்கு அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்று கடன் கொடுத்த அரசுகளே நிராகரித்தன. அது நியாயமான நிராகரிப்பு என்றே கருதுகிறேன். ஆனால் கடன் கொடுத்தவர்களுக்குள் நடக்கும் இந்தப் பிணக்கு தீரும்வரை கடன்பட்ட நாடு அல்லவா நடுவில் நிற்கிறது?

இத்தகைய நாடுகளின் பன்னாட்டுப் பத்திரங்களில் பெரும்பாலானவை நியூயார்க் அல்லது இங்கிலாந்துச் சட்டத்துக்கு உட்பட்டவை. தவணை தவறிய அர்ஜென்டினாவுக்குக் கடன் கொடுத்த பத்திரதாரர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் 2005, 2010 ஆண்டுகளில் இழப்பை ஏற்றுக்கொண்டனர். மலிவு விலைக்குப் பத்திரம் வாங்கிய முதலீட்டு நிதியங்களோ நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்காடி 2016இல் பெருந்தொகை பெற்றன. பொறுமையாக விட்டுக்கொடுத்தவர் இழக்கவும் வழக்குத் தொடுத்தவர் வெல்லவும் வழிசெய்யும் இந்த ஏற்பாட்டை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஏழை நாடுகளின் பழைய கடன்களில் இத்தகைய வழக்குகளுக்கு 2010இல் பிரிட்டன் ஒரு சட்டத்தால் வரம்பிட்டது; இலங்கை போன்ற நடுத்தர வருவாய் நாடுகளுக்கு அந்தக் காப்பு இல்லை.

1991இல் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்துத் தவணை கட்டிய நாடு நம்முடையது. இன்று கடன் கொடுப்பவர் பக்கத்தில் அமரும்போது அந்த அனுபவம் நம் பேச்சில் தெரிய வேண்டும். 2023இல் நம் ஜி20 தலைமையின்போது தொடங்கப்பட்ட, கடன் கொடுத்தவர்களும் கடன்பட்ட நாடுகளும் கூடிப் பேசும் உலகக் கடன் வட்டமேசையில் இரண்டு கோரிக்கைகளை இந்தியா எழுத்துவடிவில் முன்வைக்க வேண்டுகிறேன். மறுசீரமைப்புக்கு ஒரு நாடு விண்ணப்பித்த நாளிலிருந்தே அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி கடன் கொடுத்த எல்லோருக்கும் தவணை நிறுத்தம் பொருந்த வேண்டும். கடன் கொடுத்தவர்களில் பெரும்பான்மையினர் ஏற்ற உடன்பாட்டுக்கு மேலாக நீதிமன்றத்தில் எவரும் வசூலிக்க முடியாதபடி சட்டம் இயற்றுமாறு வாஷிங்டனையும் இலண்டனையும் இந்தியா வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

இங்ஙனம்,
இராயபுரவாசி ஒருவர்
வடசென்னை