கதை தெரிந்த பிறகும்: அத்தானுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தான்,

புதுச்சேரியிலிருந்து போனில் பேசும்போது கேட்டீர்கள்: "கொன்னது யாருன்னுதான் தெரிஞ்சுபோச்சே, அப்புறம் 'அந்த நாள்' படத்துல பார்க்க என்ன இருக்கு?" அதற்குள் அக்கா போனை வாங்கிக்கொண்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

சிரிப்புப் படத்தை மட்டும் சலிக்காமல் பார்க்கிறீர்களே, அது எப்படி? 'கல்யாண பரிசு' (1959) தங்கவேலு மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்று சரோஜாவிடம் புளுகுகிறார். பிறகு எழுத்தாளர் பைரவனே தான்தான் என்கிறார். 'காதலிக்க நேரமில்லை' (1964) முத்துராமன் பணக்காரக் கிழவராக பாலையா வீட்டிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அத்தனையும் பொய். நமக்கு அது முதலிலேயே தெரியும், எதிரே இருப்பவருக்குத் தெரியாது. எங்கே மாட்டிக்கொள்வாரோ என்ற பதைப்பில்தான் சிரிப்பே வருகிறது.

குற்றப் படத்தில் பொய் கடைசியில்தான் உடைகிறது. முதல் தடவை நாமும் துப்பறிபவரோடு சேர்ந்து ஏமாறுகிறோம். மறுபடி பார்க்கும்போதுதான் தங்கவேலு படத்தில் கிடைக்கிற அதே இடம் நமக்குக் கிடைக்கிறது, பொய் சொல்பவருக்குப் பக்கத்திலேயே.

1954இல் பாட்டும் நடனமும் இல்லாமல் 'அந்த நாள்' மாதிரி ஒரு தமிழ்ப் படம் எடுக்க வீணை எஸ். பாலசந்தருக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்! படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். கதையை எழுதிய ஜாவர் சீதாராமனே சி.ஐ.டி.யாக வந்து விசாரிக்கிறார். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு ஒரு கதை, ஒவ்வொரு கதையிலும் இறந்தவன் வேறு வேறு ஆள். முடிவு தெரிந்து பார்த்தால், அவர்கள் அடுத்தவரைக் காட்டிக்கொடுக்கும் சாக்கில் தங்கள் பொறாமையையும் பேராசையையும் கொட்டுவது புரிகிறது. அடுத்த முறை பேசுகிறவரை விட்டுவிட்டுப் பேசாமல் நிற்பவரைக் கவனியுங்கள். பெயரை எழுத மாட்டேன், இதைப் படிப்பவர்களில் படம் பார்க்காதவர் இருப்பார்கள்.

'புதிய பறவை'யும் (1964) அப்படித்தான். ரயிலைக் கண்டால் கோபால் (சிவாஜி) நடுங்குவதை முதலில் துக்கம் என்றே நம்பினேன். முடிவு தெரிந்த பிறகு அந்த நடுக்கம் வேறாகத் தெரிந்தது, சிவாஜி அதை இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரியே நடித்திருக்கிறார். மிகை நடிப்பு என்று அவரை ஒதுக்குகிறவர்களை இந்தக் காட்சிகளுக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

எல்லாப் படத்துக்கும் இது பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. 'அதே கண்கள்' (1967) முதல் தடவை பயமுறுத்தியது. முகமூடி கழன்ற பிறகு எனக்கு அதில் பாட்டுதான் மிஞ்சியது.

பொங்கல் லீவுக்கு மஞ்சக்குப்பம் வருவீர்கள் அல்லவா? 'புதிய பறவை' போடலாம். ரயில் வரும் இடத்தில் மட்டும் போனைக் கையில் எடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சினி