ஊசி போடும் புதன்கிழமையில் பத்து நிமிடம் கேட்கிறோம்

சுகாதாரத் துறை, சமூக நலத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன புதன்கிழமை என் தங்கை மகளுக்கு ஊசி. ஒன்றரை வயது. தொடையில் ஊசி ஏறியபோது அவள் அழவில்லை. திரும்பி அம்மாவைத் தேடவும் இல்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு சமத்து!" என்றார் நர்சம்மா. எடை சரி, அட்டையில் கையெழுத்து, அடுத்த ஆள். அவரைக் குறை சொல்லவில்லை, வரிசை அவ்வளவு நீளம்.

ஆனால் எங்கள் வீட்டில் இந்தச் சமத்தைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருக்கிறோம். பிரசவமானதிலிருந்து தங்கை சரியாக இல்லை. பால் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள். பிள்ளை முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். "தலைப்பிரசவம், போகப் போகச் சரியாகிவிடும்" என்று நானும்தான் சொன்னேன். குழந்தை முதலில் கத்திக் கத்தி அழுதாள். அப்புறம் நிறுத்திவிட்டாள். முந்தாநாள் வாசற்படியில் தடுக்கி விழுந்து உதட்டில் ரத்தம். சத்தமே இல்லாமல் எழுந்து உட்கார்ந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தாள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழாத பிள்ளையை யார் பார்ப்பது?

நாங்கள் கேட்பது இதுதான். புதன்கிழமை ஊசி போடும் இடத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் தாயையும் பிள்ளையையும் பத்து நிமிடம் சேர்த்து உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் திரும்புகிறாளா, வலித்தால் யாரைத் தேடுகிறாள், அம்மா சிரித்தால் சிரிக்கிறாளா என்று பார்க்க வேண்டும். காது கேட்கவில்லையா, ஆட்டிசமா, தாயின் மனச்சோர்வு பிள்ளையைத் தொட்டிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். தாய்க்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ கேள்வித்தாள் இருக்கிறது. 1987 முதல் புழக்கத்தில் உள்ளது, தமிழிலும் வந்துவிட்டது. மொத்தம் 10 கேள்வி.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் வளர்ச்சித் தாமதத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறது, தெரியும். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை டாக்டர் குழு வர வேண்டும். ஆறு மாதம் என்பது இவள் பிறந்து வாழ்ந்த காலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஐயா. முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் தேசிய நிறுவனத்துக்குப் போகச் சொன்னார்கள். வடசென்னையில் இருக்கும் எங்கள் காசிமேட்டிலிருந்து அது ஊரின் மறுகோடி. படுக்கையை விட்டு எழவே சிரமப்படும் தாய், கைப்பிள்ளையோடு எத்தனை பஸ் மாறுவாள்?

அனல்மின் நிலையம் வேண்டுமென்றால், குப்பைமேடு வேண்டுமென்றால் வடசென்னை உடனே நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் அமோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறி ஓடிய ஜனங்களின் இடுப்பிலும் கைக்குழந்தைகள் இருந்தன. அந்தப் பயம் அவர்களுக்குள் என்ன செய்தது என்று கேட்க எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். தயவுசெய்து அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுங்கள். இவளுக்கு அடுத்த ஊசி ஐந்து வயதில்தான். அதுவரை எங்களால் காத்திருக்க முடியாது.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து அவளுடைய பெரியம்மா