கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு வாங்கி, விடுமுறைக்கு வருவோருக்கு நாள் வாடகைக்கு விட நினைப்பவர்கள் மாடியிலிருந்து கடல் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். முதலில் கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள். கரித்தால் தினமும் லாரித் தண்ணீர்தான். வாடகைப் பணம் அதிலேயே கரையும். உப்புக் காற்றில் ஜன்னல் கீல் துருப்பிடிக்கும், ஏ.சி.யின் வெளி யூனிட் அரித்துப்போகும். 2011 டிசம்பரில் வந்த தானே புயலை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. சென்னையிலிருந்து போனிலேயே நடத்திவிட முடியாது. உள்ளூர் ஆள் ஒருவரை நல்ல சம்பளத்துக்கு வையுங்கள். அப்புறம், நீச்சல் குளத்துக்காக ஆழ்துளைக் கிணற்றில் ஓயாமல் மோட்டார் ஓட்டினால் கடல்நீர் உள்ளே ஏறி, பக்கத்துக் குப்பத்தின் குடிநீரும் உப்பாகும். உள்ளாட்சிகள் இதற்கு இப்போதே கட்டுப்பாடு கொண்டுவர வேண்டும்.

– வாசகர், மரக்காணம்