ராஸ்ப் கதையோட நிறுத்திடாதீங்க

ஆஸ்திரேலியாவோட சுரங்க ஊரான ப்ரோக்கன் ஹில்லுக்கு வர்றவங்களுக்கு ஊர் கதைய சொல்ற கைடுகளுக்கும், போர்டு எழுதுறவங்களுக்கும்,

வணக்கம். நீங்க எங்க ஆரம்பிப்பீங்கன்னு எனக்கு மனப்பாடம். 1883, மவுண்ட் கிப்ஸ் ஆட்டுப்பண்ணை, குதிரையில வேலி பாத்துக்கிட்டு சுத்துன சார்லஸ் ராஸ்ப், கறுப்பா நின்ன ஒரு கரட்ட பாத்து தகரம்னு நெனச்சு சுரங்கம் தோண்ட எடம் புடிக்கிறாரு, கடைசில அது வெள்ளி, ஈயம், துத்தநாகம்னு ஆகி 1885ல பிஎச்பிங்கிற சுரங்கக் கம்பெனி பொறக்குது. நல்ல கதைதான், ஆனா அது காலங்காலமா வில்யகாலிங்கிற பழங்குடி ஜனங்க வாழ்ந்த பூமி, அதையும் முதல் வரியிலேயே சொல்லிடுங்க.

எனக்கு மனசு ஆறாத விஷயம் அதுக்கு அப்புறம் வர்றது. வருஷத்துக்கு 250 மில்லிமீட்டர் மழைகூட சரியா பெய்யாத ஊரு. ஆடுங்க சால்ட்புஷ் செடிய மேஞ்சு தீத்துச்சு, சுத்துப்பட்டுல இருந்த முல்கா மரத்தையெல்லாம் அடுப்புக்கும் பாய்லருக்கும் வெட்டிட்டாங்க, மிச்சம் மீதிய முயல் பாத்துக்கிச்சு. பண்ணையும் சுரங்கமும் வேற வேற கதை இல்லங்க, ரெண்டும் சேந்துதான் மண்ண அம்மணமாக்குச்சு. அப்புறம் காத்தடிச்சா செம்மண் கெளம்பி வீட்டு வேலிய மூடுற அளவுக்கு குவியும்.

அத நிறுத்துன மனுஷன் ஆல்பர்ட் மோரிஸ். சென்ட்ரல் சுரங்கத்துல தாதுவ சோதிச்சு எவ்வளவு உலோகம் இருக்குன்னு சொல்றது அவரு வேலை, செடிகளப் பத்தி அவரா படிச்சு கத்துக்கிட்டாரு, மனைவி மார்கரெட்டும் கூடவே நின்னாங்க. 1936ல ஜிங்க் கார்ப்பரேஷன் சுரங்கத்தோட உதவியில ஊர் ஓரமா வேலி போட ஆரம்பிச்சாங்க. கொஞ்ச எடத்துல கன்னு நட்டு தண்ணி ஊத்துனாங்க, மத்த எடத்துல வெறும் வேலிதான், ஆடும் முயலும் உள்ள வராம பாத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான், மழை வந்ததும் மண்ணுக்குள்ள கெடந்த வெதையும் காத்துல வந்த வெதையும் தானா மொளச்சுது. 1939ல அவரு போயிட்டாரு, வேலி அதுக்கப்புறமும் ஊரச் சுத்தி வளந்துச்சு.

இது பழங்கதை இல்ல. அந்த புழுதியில ஈயம் இருக்கு, இன்னைக்கும் அந்த ஊர் கொழந்தைங்களுக்கு ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு டெஸ்ட் எடுத்துக்கிட்டுதான் இருக்காங்க. மண்ண புடிச்சு வைக்கிற ஒவ்வொரு செடியும் அவங்களுக்கு காவல்.

அதனால அடுத்த தடவ பஸ்ஸ சுரங்க மேட்டுக்கு விடுறதுக்கு முன்னாடி அந்த வேலி ஓரமா பத்து நிமிஷம் நிறுத்துங்க. சாம்பல் பூசுன மாதிரி இருக்குற சால்ட்புஷ் இலையையும், அதோட தூர்ல சிக்கி நிக்கிற மணலையும் குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க.