போகிக்கு முன் ஒரு வேண்டுகோள்: பழைய டிவி கேம்களை எரித்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போகிக்கு வீடு ஒழிக்கும் வேலை இன்னும் சில நாட்களில் எல்லா ஊர்களிலும் தொடங்கிவிடும். அப்போது பரணிலிருந்து இறங்கும் அட்டைப் பெட்டிகளில், சுருண்ட ஒயரும் இரண்டு ரிமோட்டும் மஞ்சள் நிறக் கேசட்டும் கொண்ட பழைய டிவி கேம் ஏதேனும் இருந்தால், அதைத் தெருவில் கொளுத்தவோ காயலான் கடையில் எடைக்குப் போடவோ வேண்டாம் என்று தங்கள் நாளிதழின் வாசகர்களைக் கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். பிளாஸ்டிக்கை எரிப்பது காற்றுக்குக் கேடு என்பது எல்லோரும் அறிந்தது. நான் சொல்ல வருவது வேறு. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளைகள் எதை விளையாடினார்கள் என்பதற்கு மிஞ்சியிருக்கும் சான்று அந்தப் பெட்டிகள் மட்டும்தான். அவற்றை நாம் பாதுகாக்காவிட்டால் உலகில் வேறு எவரும் பாதுகாக்கப் போவதில்லை.

எங்கள் வீட்டு டிவி கேம் 1997-ஆம் ஆண்டு மதுரைத் தமுக்கம் மைதானத்தில் நடந்த சித்திரைப் பொருட்காட்சியில் வாங்கியது. அப்போது எனக்குப் பத்து வயது. 850 ரூபாய் என்று கடைக்காரர் சொன்னதும் அப்பா நகர்ந்துவிட்டார். ராட்டினம், அப்பளம் எல்லாம் முடிந்து திரும்பும் வழியில் அவராகவே அந்தக் கடை முன் நின்று 700 ரூபாய்க்குப் பேசி வாங்கினார். நான் கல்லூரிக்காக வெளியூரில் தங்கியிருந்தபோது ஒரு போகிக்கு அது பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டது. அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓடாத பொருளை இடத்தை அடைத்துக்கொண்டு யார் வைத்திருப்பார்கள்? ஆனால் அந்த இழப்புதான் என்னைச் சேகரிப்பாளனாக்கியது. இன்று என் அலமாரியில் பதினோரு இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்பது ஓடும் நிலையில் உள்ளன.

அந்தப் பெட்டிகளின் பூர்விகத்தைச் சற்றே விளக்க வேண்டும். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் ஃபேமிகாம் என்ற விளையாட்டு இயந்திரத்தை வெளியிட்டது. பொறியாளர் மசயுகி உவேமுரா தலைமையில் வடிவமைக்கப்பட்ட அந்த இயந்திரமே 1985-இல் அமெரிக்காவுக்கு என்.இ.எஸ். என்ற பெயரில் சென்றது. இந்தியாவில் 1980-களின் இறுதியில் சாமுராய் என்ற பெயரில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டது உண்மையே என்றாலும், அது எங்கள் தெருவை எட்டவில்லை. எங்களை எட்டியவை தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட நகல்கள், அவற்றின் உதிரிகளைக் கொண்டு இங்கேயே பூட்டி விற்கப்பட்டவை. சென்னையில் பர்மா பஜாரும் ரிச்சி தெருவும், மதுரையில் டவுன்ஹால் ரோட்டுக் கடைகளும், மற்ற ஊர்களில் திருவிழாக் கடைகளும் பொருட்காட்சிகளும்தாம் எங்களுக்கு அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தன.

அத்தகைய நகல் ஒன்றைத் திருப்புளியால் திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் வெற்றிடமே இருக்கும். ஜப்பானிய மூல இயந்திரத்தில் தனித்தனிச் சில்லுகள் செய்த வேலைகளையெல்லாம் ஒரே சில்லில் அடக்கி, அதன் மேல் உருக்கிய மெழுகுத் துளி விழுந்து இறுகியதைப் போலக் கறுப்புப் பிசின் ஒன்றை ஊற்றி மூடியிருப்பார்கள். உள்ளங்கை அளவுப் பலகை, அந்தக் கறுப்புத் துளி, கேசட் செருகும் அறுபது பின் கொண்ட வாய், அவ்வளவுதான். ஆனால் மேலே ஒட்டிய ஸ்டிக்கர்களைப் பாருங்கள். ஏதோ ஒரு காரின் படம், பாதி பிழையோடு எழுதிய ஆங்கிலம், "9999999 இன் 1" என்ற வாக்குறுதி. கேசட்டைப் போட்டுப் பட்டியலை உருட்டினால் ஏழெட்டு விளையாட்டுகளே வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். அதைக் கண்டுபிடித்த நாளிலும் எங்களுக்கு வருத்தம் ஏற்படவில்லை. அந்த ஏழெட்டே ஒரு கோடை விடுமுறைக்குப் போதுமானதாக இருந்தன.

அந்த ஏழெட்டில் நான் முதலிடம் தருவது, நாங்கள் டேங்க் கேம் என்று அழைத்த பேட்டில் சிட்டிக்குத்தான். நாம்கோ நிறுவனம் 1985-இல் வெளியிட்டது. திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும். அதை எதிரி டேங்குகள் சுட்டுவிடாமல் காக்க வேண்டும். என் தங்கை கழுகின் அருகிலேயே நின்றுகொள்வாள், நான் மேலே போய்ச் சுடுவேன். தவறுதலாக நம் குண்டு கூட்டாளியின் டேங்கில் பட்டால் அது சற்று நேரம் அசையாமல் நின்றுவிடும் என்பதால், வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி அந்தத் திரையிலேயே தொடங்கியவை. அதில் நாமே சுவர்களை அடுக்கிக் களம் அமைத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. மதியம் முழுவதும் உட்கார்ந்து எங்கள் தெருவின் அமைப்பைச் செங்கல்லாலும் தண்ணீராலும் கட்டுவோம். மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும், ஏனெனில் அதைச் சேமித்து வைக்கும் பேட்டரி அந்தக் கேசட்டில் கிடையாது. இப்போதும் தங்கை ஊருக்கு வரும்போது நாங்கள் முதலில் போடுவது அதைத்தான்.

மாரியோவைப் பற்றி எழுதத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு செய்தியை மட்டும் சொல்ல விரும்புகிறேன். அந்த முழு விளையாட்டும் 40 கிலோபைட்டில் அடங்கியது. நம் கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவில் நூறில் ஒரு பங்கு அளவுதான். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, வானத்து மேகத்துக்கும் தரையிலுள்ள புதருக்கும் ஒரே படத்தையே நிறம் மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிறுவயதில் ஆயிரம் முறை பார்த்தும் கவனிக்காத இதை வளர்ந்த பிறகு அறிந்தபோது, அதைச் செய்தவர்கள் மீது எனக்கு ஏற்பட்ட மதிப்பு இன்றுவரை குறையவில்லை. அதேபோல, கான்ட்ரா என்ற சுடும் விளையாட்டில் முப்பது உயிர் பெற "மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ" என்று அழுத்த வேண்டும் என்பது பள்ளி மைதானத்தில் காதோடு காதாக வந்த பாடம். அதை முதன்முதலில் 1986-இல் கிராடியஸ் என்ற விளையாட்டுக்காக, தாமே சோதித்துப் பார்க்க முடியாத அளவுக்கு அது கடினமாக இருந்ததால், ஜப்பானின் கொனாமி நிறுவனத்தைச் சேர்ந்த கசுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர் எழுதினார். அவர் 2020 பிப்ரவரியில் மறைந்தார். இணையம் இல்லாத காலத்தில் அவர் விரல் போட்ட வரிசை மதுரைப் பிள்ளைகளின் விரலுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை எவரேனும் ஆராய்ந்து எழுத வேண்டும்.

அதன் பிறகு கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்துக் கவுன்டர் ஸ்டிரைக், வைஸ் சிட்டி போன்ற கணினி விளையாட்டுகளை விளையாடினேன். வேலை கிடைத்த பின் என் சொந்தப் பணத்தில் முதலில் வாங்கிய பெரிய பொருள் பிளேஸ்டேஷன் 2. அவற்றையும் நான் நேசிக்கிறேன். ஆனால் அவை காணாமற்போகும் என்ற அச்சம் எனக்கில்லை. பிளேஸ்டேஷன் 2 உலகெங்கும் 16 கோடி விற்றிருக்கிறது, அதைப் பாதுகாக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் கவலையெல்லாம் பெயரில்லாத அந்த நகல்களைப் பற்றித்தான்.

இவ்விடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று எழும். அவை உரிமம் பெறாத திருட்டு நகல்கள் அல்லவா, அவற்றை ஏன் போற்ற வேண்டும் என்று கேட்கலாம். திருட்டு நகல்கள்தாம், மறுக்கவில்லை. உவேமுராவுக்கும் அவருடன் உழைத்தவர்களுக்கும் எங்கள் 700 ரூபாயில் ஒரு பைசாகூடப் போய்ச் சேர்ந்திருக்காது. ஆனாலும் போற்றுவது வேறு, சான்றாக வைத்திருப்பது வேறு. நிண்டெண்டோ நிறுவனம் 2024 அக்டோபரில் கியோட்டோ அருகே உஜி நகரில் தன் சொந்த அருங்காட்சியகத்தைத் திறந்தது. பெர்லினில் கணினி விளையாட்டுகளுக்கென்று 1997-லேயே அருங்காட்சியகம் வந்துவிட்டது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் விளையாட்டு வரலாற்றுக்கே பெயர் பெற்றது. எந்த நிறுவனமும் தன்னை நகலெடுத்த பொருளைத் தன் அருங்காட்சியகத்தில் பெருமையோடு வைக்காது. அப்படியானால், பிழையான ஆங்கில ஸ்டிக்கரோடு தமுக்கத்தில் விற்ற பெட்டிக்கு இங்கே அல்லாமல் வேறெங்கே இடம்?

அதிகாரபூர்வமாக வெளியான விளையாட்டுகளின் நிலையே கவலைக்குரியது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மூல விளையாட்டுகளுக்கே இந்த நிலை என்றால், எவர் எங்கே செய்தார் என்ற பதிவே இல்லாத நம் கேசட்டுகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

சேகரிப்பு என்றதும் பணத்தைப் பற்றிய பேச்சும் வந்துவிடுகிறது. 2021 ஜூலையில் பிரிக்கப்படாத சூப்பர் மாரியோ 64 கேசட் ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அச்செய்தியைப் படித்துவிட்டு, நம் வீட்டுப் பெட்டியும் லட்சங்களுக்குப் போகும் என்று எவரும் எண்ண வேண்டாம், போகாது. நான் வாங்கிய பதினொன்றில் எதற்கும் 600 ரூபாய்க்கு மேல் கொடுத்ததில்லை. பிரிக்காமலே கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைக்கும் விளையாட்டில் எனக்கு ஈடுபாடும் இல்லை. விளையாட்டு என்பது ஓட வேண்டும், ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

பரணிலிருந்து எடுத்ததும் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும். கிடைத்த அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். அடாப்டர் முனையின் நடுப்பகுதி நேர்மின்னா எதிர்மின்னா என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அடியில் சிறிய வட்டங்களாக அச்சிட்டிருக்கும் குறியைப் பார்த்து, அடாப்டரின் குறியும் அதுவும் ஒன்றா என்று உறுதி செய்துகொண்ட பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். இதை அறியாமல் நான் முதலில் வாங்கிய இயந்திரத்தை ஒரே நொடியில் புகைய விட்டேன். மற்றொன்று, கேசட்டை வாயால் ஊதுவது. நாம் எல்லோரும் செய்தோம், ஆனால் எச்சில் ஈரம் தகட்டுக் கால்களில் களிம்பு பிடிக்கச் செய்யும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் பெரும்பாலானவை உயிர்பெற்றுவிடும். பஞ்சில் வரும் கறுப்பைப் பார்த்தாலே இத்தனை ஆண்டுகள் ஏன் படம் வரவில்லை என்பது புரியும்.

இயந்திரத்தோடு பழைய டியூப் டிவியையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. வாத்து சுடும் டக் ஹன்ட் விளையாட்டில், இயந்திரத்தோடு இணைக்கும் பொம்மைத் துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை முழுவதும் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகக் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. அதன் குழலுக்குள் உள்ள ஒளியுணரி அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும், கறுப்பைப் பார்த்தால் தப்பிவிடும். மின்கற்றை நொடிக்குப் பலமுறை திரையை வரி வரியாக வரைந்து செல்லும் டியூப் டிவியின் வேகத்தை நம்பிச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. இன்றைய தட்டைத் திரை படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டுவதால், எவ்வளவு குறிபார்த்தாலும் ஒரு வாத்தும் விழாது. 2006-க்குப் பின் தமிழக அரசு வீடுகளுக்கு விலையின்றி வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் டியூப் டிவிகளே. எத்தனையோ வீடுகளில் டிவி கேம் ஓடியது அந்தத் திரையில்தான். அவற்றையும் நாம் இப்போது வேகமாக இழந்து வருகிறோம்.

ஆகவே அருங்காட்சியகங்கள் துறையிடம் நான் முன்வைக்கும் கோரிக்கை இது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்தில் சிறுவர்களுக்கென்றே ஒரு பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. கோட்டூர்புரத்தில் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. எங்கள் மதுரையில் காந்தி அருங்காட்சியக வளாகத்திலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இவற்றுள் ஏதேனும் ஓர் இடத்தில் ஒரு சுவர், இரண்டு மேசை, ஒரு டியூப் டிவி போதும். பொதுமக்கள் கொடுக்கும் இயந்திரங்களை வாங்கி, எந்த ஊரில், எந்த ஆண்டில், என்ன விலைக்கு வாங்கினார்கள், யாரோடு விளையாடினார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இயந்திரத்தைவிட அந்தத் தாள் முக்கியமானது. வாங்கியவர்கள் பலர் இப்போது எழுபதைக் கடந்துவிட்டார்கள். என் அப்பாவுக்கு அந்தக் கடைக்காரரிடம் என்ன சொல்லி 150 ரூபாய் குறைத்தார் என்பது இன்னும் நினைவிருக்கிறது. சென்ற மாதம்தான் அதைக் கேட்டு எழுதி வைத்தேன்.

அத்தகைய ஏற்பாடு அமையுமானால், என்னிடமுள்ள பதினொன்றில் இரட்டையாக இருக்கும் நான்கு இயந்திரங்களையும், ஒரு பொம்மைத் துப்பாக்கியையும், ஓடும் நிலையிலுள்ள 14 அங்குல டிவி ஒன்றையும் விலையின்றிக் கொடுக்கவும், அவற்றைப் பழுதுபார்த்துத் தரவும் நான் அணியமாக இருக்கிறேன். இதற்கு எந்த அலுவலருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதைத் துறையினர் தங்கள் நாளிதழ் வழியாகவே தெரிவித்தால், என்னைப் போன்ற மற்றவர்களும் போகிக்கு முன்பாகவே தங்கள் பெட்டிகளை எடுத்துவைக்க உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
மதுரை.